லெந்து நாட்களில் சபையே சேர்ந்து சமூக ஊடகத்தை விட்டு விலகலாமா?

பொங்கோல்_வாலிபன்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. இந்த 2026-ல் லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், பொது விடுமுறை. அன்றிலிருந்து ஏப்ரல் 5 ஈஸ்டர் வரை இன்ஸ்டகிராம், டிக்டாக், ஃபேஸ்புக், யூடியூப் ஷார்ட்ஸ் எல்லாவற்றையும் சபையாகவே நிறுத்திவைப்பது. சபை வாட்ஸ்அப் குழுவையும் பூட்டி, பொறுப்பாளர்கள் மட்டும் அறிவிப்பு போடும்படி மாற்றிவிடுவது. நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். குழுவில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் எங்கள் சபையாரும் மற்ற சபைக்காரர்களும் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

என் காரணம் இதுதான். வாலிபர் கூட்டத்தில் "ஜெபிக்க நேரமே கிடைக்கலை" என்று சொல்லாதவர் கிடையாது. ஆனால் காலையில் பொங்கோலில் ரயில் ஏறி ஹார்பர்ஃப்ரண்ட் வரை போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெட்டியில் நிற்பவர்களைப் பாருங்கள், நம் பிள்ளைகளும் அங்கேதான் நிற்கிறார்கள். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு வீடியோ முடிவதற்குள் அடுத்தது. சிராங்கூன் வருவதற்குள் ஒரு நகைச்சுவை, ஒரு விபத்து, ஒரு பிரியாணி, யாரோ இருவருடைய சண்டை எல்லாம் பார்த்தாகிவிட்டது. இறங்கும்போது கேட்டால் ஒன்றும் நினைவில் இருக்காது. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம். இரண்டு நாள் போகவர ரயிலில் வாசித்தாலே முடிந்துவிடும்.

திரை முடிவே இல்லாமல் ஓடுகிறதே, அதைத் திட்டமிட்டுத்தான் செய்தார்கள். 2006-ல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய முறை அது. முன்பெல்லாம் பக்கம் தீர்ந்ததும் அடுத்த பக்கத்தை நாம் அழுத்த வேண்டும். அந்த இடத்தில் ஒரு கணம் நிற்போம், போதுமா என்று யோசிப்போம். அந்தக் கணம் எடுக்கப்பட்டுவிட்டது. செய்தவரே பின்னாளில் வருந்திப் பேசினார். "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்கிறது சங்கீதம் 46:10. அமர்ந்திருக்கவே விடாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வசனத்தை எப்படிக் கைக்கொள்வது?

தனித்தனியாக முயன்றால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுவோம். சபையாகச் செய்தால் ஒருவரை ஒருவர் தாங்கலாம். யோவேல் 2:15-ல் எக்காளம் ஊதி எல்லாரையும் கூட்டித்தானே உபவாசநாளை நியமிக்கச் சொல்கிறார்?


ஊடக_ஊழியன்:

பிரதர், உங்கள் பாரம் புரிகிறது. நான் வேறு சபை, அங்கே ஞாயிறு நேரலையும் ரீல்ஸும் என் பொறுப்பு. உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் இருந்ததை மறந்துவிட்டோமா? ஆலயத்தில் ஆராதனை இல்லை. எங்கள் சபையில் வயதான அம்மாக்கள் வீட்டு வரவேற்பறையில் டிவியில் யூடியூபைப் போட்டு, முக்காடு போட்டுக்கொண்டு, எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் எழுந்து நின்றார்கள். பேரப்பிள்ளைகள் எடுத்து அனுப்பிய படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அன்று சபை ஒன்றாக நின்றது இந்தத் திரை வழியாக.

எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர், பிலேமோன் நான்கும் பவுல் காவலில் இருந்து எழுதிய நிருபங்கள். நேரில் போக முடியாத இடத்துக்கு எது போய்ச் சேருமோ அதை அவர் பயன்படுத்தினார். இன்று நம் இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள்? அந்த ரயில் பெட்டியில், அந்தத் திரையில். எல்லா விசுவாசிகளும் ஒரே நாளில் அங்கிருந்து எழுந்து போய்விட்டால், மீதி இருப்பவர்களிடம் யார் பேசுவது? அதுவும் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரங்களில், அக்கம்பக்கத்தாரை ஆலயத்துக்கு அழைக்கிற நாட்களில்!

இன்னொன்று. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டத்தாரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொன்னார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. அதில் ஒரு பங்கு எங்கே போனது தெரியுமா? தனியாக உட்கார்ந்து டிவி பார்க்க. ஆப்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஜெபம் தானாக வந்து உட்காராது. மத்தேயு 12-ல் அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி ஜோடித்து வெறுமையாகக் கிடந்தது, அதனால்தான் வேறு ஏழு ஆவிகள் வந்து குடியேறின.


செங்காங்_அம்மா:

நானும் பொங்கோல் தம்பியின் சபைதான். யோசனைக்கு என் ஓட்டு உண்டு.

எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். என் அப்பா காலத்திலிருந்து நிற்காத பழக்கம். முன்பு ஒரு பெரிய வேதாகமம் கைமாறிக்கொண்டே வரும். இப்போது ஆளுக்கொரு கைப்பேசியில் வாசிக்கிறோம். போன வாரம் என் மகள் சங்கீதம் 51 வாசித்துக்கொண்டிருந்தாள். "என்னை முற்றிலும் கழுவி" என்று அவள் சொல்லும்போதே மேலிருந்து ஓர் அறிவிப்பு இறங்கி அடுத்த வரியை மூடிவிட்டது. ஏதோ கடைத் தள்ளுபடி. அவள் விரலால் தள்ளிவிட்டு வாசித்தாள், ஆனால் அதற்குள் அவளுடைய கண் அங்கே போய்விட்டு வந்ததை நான் பார்த்தேன். என் கணவரோ மடியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கத் திறன்பேசிக்குத் தடை. இடைவேளையில்கூடக் கிடையாது. பள்ளிக்கூடமே பிள்ளைகளுக்காக இந்த அளவுக்குச் செய்கிறது. வீட்டிலும் சபையிலும் பெரியவர்கள் நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையைப் பார்த்து "போனை வை" என்று சொல்கிற அம்மாவின் கையிலும் போன்தான் இருக்கிறது.


துவாஸ்_சகோதரன்:

அண்ணே, நானும் நம்ம சபைதான். பின் வரிசையில் உட்காருவேன், பார்த்திருப்பீங்க. கப்பல் பட்டறை வேலை. மாதத்தில் பல ஞாயிறு ஷிஃப்ட் விழுந்துவிடும், ஆலயத்துக்கு வர முடியாது.

நீங்க எழுதினதை வாசிச்சதும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. மறைக்காம சொல்லிடறேன்.

எங்க விடுதி அறையில் பன்னிரண்டு பேர். யாரும் கெட்டவங்க இல்ல, ஆனா கதவைப் பூட்டி ஜெபிக்க எனக்கு அறை கிடையாது. மேல் கட்டில்ல ஏறி, துண்டைத் திரையா கட்டிட்டு, காதில் இயர்போன் வச்சா அதுதான் என் அறைவீடு. இங்கே இரவு 9.30 ஆகும்போது ஊர்ல ஏழு மணி. அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாங்க, தங்கச்சி பாட்டு ஆரம்பிப்பா, நான் சத்தம் வராம உதட்டை அசைப்பேன். ஷிஃப்ட் இருந்த ஞாயிறு ராத்திரி ஆராதனையின் பதிவை யூடியூபில் பார்ப்பேன். அப்புறம் சபைக் குழு. அப்பாவுக்கு நாகர்கோவிலில் ஆபரேஷன் நடந்த ராத்திரி நான் யாரை எழுப்ப முடியும்? குழுவில் எழுதினேன். விடியறதுக்குள்ள ரெண்டு மூணு பேர் ஜெபத்தைக் குரல் பதிவா அனுப்பினாங்க. அதைக் காதில் வச்சுக்கிட்டுத்தான் லாரியில் ஏறி வேலைக்குப் போனேன்.

2020-ல் மாதக்கணக்கா விடுதியை விட்டு வெளியே விடல. அப்ப எங்களுக்கு ஆலயம், ஐக்கியம், ஆறுதல் எல்லாமே இந்தக் கைப்பேசிதான்.

குழுவைப் பூட்டுறது உங்களுக்கு உபவாசம். எனக்கு அது கதவைச் சாத்துற மாதிரி. எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடாதீங்கன்னு சொல்லுது. நான் கூடிவர்ற இடம் அதுதான், அண்ணே.


லூர்து_மகள்:

நான் கத்தோலிக்கம், ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போகிறவள். நீங்கள் லெந்து என்கிற தவக்காலம் எங்களுக்குப் பழகியது என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

முதலில், நாற்பது நாள் கணக்கில் ஞாயிறு சேராது. திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின நாள் வரை எண்ணினால் 46 வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவரின் உயிர்ப்பு நாள் என்பதால் அன்று நோன்பு இல்லை. உங்கள் திட்டத்தில் ஞாயிறையும் சேர்த்து மூடுகிறீர்கள். துவாஸ் தம்பி ஷிஃப்ட் முடிந்து ஆராதனையின் பதிவைப் பார்க்கிற நாள் அது.

இரண்டாவது, கைப்பேசியை விடுவது எங்களுக்குப் புதிதல்ல. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 திருநீற்றுப் புதனன்று, டிவியை அணைத்துவிட்டு விவிலியத்தைத் திறக்கவும் கைப்பேசியிலிருந்து விலகி நற்செய்தியோடு இணையவும் சொன்னார். அவரே 2024 செப்டம்பரில் இங்கே வந்தபோது கத்தோலிக்கத் தொடக்கக் கல்லூரியில் பல சமய இளையர்களிடம் பேசினார். ஊடகத்தையே பயன்படுத்தாத இளையர் தனக்குள் மூடிக்கொள்வார், அதற்கு அடிமையானவர் சிதறிப்போவார் என்ற பொருளில் இரண்டு பக்கத்தையும் எச்சரித்தார். விலகச் சொன்னவரும் பயன்படுத்தச் சொன்னவரும் ஒரே மனிதர்தான். நோன்பு ஒரு காலத்துக்கு. அடிமையாகாமல் இருப்பது எல்லாக் காலத்துக்கும்.

வனத்துத் துறவிகளின் தந்தை என்று அழைக்கப்படும் புனித வனத்து அந்தோணியாரையும் நினைத்துப் பாருங்கள். எகிப்தில் எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். ஆனால் 311-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பி வந்து, சிறையிலும் சுரங்கத்திலும் இருந்தவர்களுக்குத் துணையாக நின்றார். சகோதரன் துன்பத்தில் இருக்கும்போது தனிமையைப் பிடித்துக்கொண்டு அவர் உட்காரவில்லை.


பொங்கோல்_வாலிபன்:

துவாஸ் பிரதர், நீங்கள் எழுதியதைக் குழுக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். வாட்ஸ்அப் குழுவைப் பூட்டுவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஊடக_ஊழியனுக்கு. அந்த ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள் பிரதர். மிச்சமான நேரத்தில் ஒரு பங்கு டிவிக்குப் போனது சரி. இன்னொரு பங்கு குடும்பத்தோடும் நண்பர்களோடும் நேரில் இருப்பதற்குப் போனது. மனநிறைவு கொஞ்சம் கூடியது. நான்கு வாரம் முடிந்த பிறகும் அவர்கள் முன்பு போல அதிகம் பயன்படுத்தவில்லை. அதாவது, குறிப்பிட்ட காலம் விலகினாலே பிடி தளர்கிறது. "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று 1 கொரிந்தியர் 6:12-ல் பவுல் எழுதினாரே, விட்டுப் பார்க்காமல் நான் அடிமையா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெறுமையான வீடு பற்றிச் சொன்னது நியாயம். அதற்குத்தான் வாசிப்புத் திட்டம் வைத்திருக்கிறோம். லெந்து முழுவதும் மாற்கு, சிறு சிறு பகுதியாக. புதன் இரவு வீட்டுக்கூட்டத்தில் அந்த வாரம் வாசித்ததைப் பேசுவோம்.


ஊடக_ஊழியன்:

ஆய்வை விடுவோம். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே. பள்ளியில் என்னோடு படித்த ஒருவன், ஆலயப் பக்கம் வருவதையே விட்டவன், நாங்கள் போட்ட ஒரு கீர்த்தனைத் துண்டைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் எனக்கு எழுதினான். அவனுடைய பாட்டி பாடுகிற பாட்டாம் அது. அன்றிரவு வெகுநேரம் பேசினோம். இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறோம். அது ஒரு லெந்து நாள். நான் விலகியிருந்தால் அவன் யாருக்கு எழுதியிருப்பான்?


ஓய்வாசிரியர்:

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷார்ட் ஸ்ட்ரீட் பக்கம் வளர்ந்தவன். 1887-ல் தொடங்கிய தமிழ் மெதடிஸ்ட் சபை அந்தத் தெருவில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எல்லாரும் வசனம் சொன்னீர்கள், மகிழ்ச்சி. நானும் ஒரு பகுதியை முன்வைக்கிறேன். மாற்கு முதல் அதிகாரம்.

கப்பர்நகூமில் சாயங்காலம் ஊர் முழுவதும் வாசலில் கூடிவிட்டது. வியாதிக்காரர், பிசாசு பிடித்தவர், வேடிக்கை பார்க்க வந்தவர். இயேசு அநேகரைச் சுகமாக்குகிறார். ஊழியம் உச்சத்தில் இருக்கிறது. மறுநாள் என்ன செய்கிறார்? அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். தம்பி ஊடக_ஊழியன், உங்கள் கேள்வியும் சீமோன் கொண்டுவந்த செய்தியும் ஒன்றுதான். எல்லாரும் தேடும்போது எப்படிப் போகலாம்? கர்த்தர் போனார். கப்பர்நகூமில் சுகமாகாதவர் அன்று காலையிலும் இருந்திருப்பார்கள். இருந்தும் போனார்.

உங்கள் நண்பருக்காக நான் கர்த்தரைத் துதிக்கிறேன். அந்த இரவு உரையாடலை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்புடன் ஒன்று கேட்கிறேன். ஒரு ரீல்ஸ் போட்ட பிறகு அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மறுபடி மறுபடி திறந்து பார்க்கிறீர்களா? அப்படிப் பார்க்கிற நேரத்தையும் ஊழியக் கணக்கில் சேர்க்கலாமா?


ஊடக_ஊழியன்:

ஐயா, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வயது போதாது, இருந்தாலும் சொல்கிறேன். 38-ஆம் வசனத்தையும் வாசிக்க வேண்டும். "அடுத்த ஊர்களிலும் நான் பிரசங்கம்பண்ணவேண்டுமாதலால், அவ்விடங்களுக்குப் போவோம் வாருங்கள்" என்கிறார். வனாந்தரத்தில் அவர் இருந்தது ஒரு விடியற்காலை. ஆறரை வாரம் அல்ல. தினமும் காலையில் கைப்பேசியைத் தொடும் முன் ஜெபியுங்கள் என்று சபை சொன்னால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். அது வருடம் முழுக்க நிற்கும்.

எண்ணிக்கையைப் பார்க்கிறேனா என்று கேட்டீர்கள். பார்க்கிறேன். எங்கள் போதகரும் ஆராதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறார். எண்ணுவது பாவமில்லை, அதற்காக வாழ்வதுதான் பாவம். அந்த வித்தியாசத்தை நான் ஆண்டவருக்கு முன்பாக ஆராய்ந்துகொள்கிறேன்.


ஓய்வாசிரியர்:

நல்ல பதில். 38-ஐ நான் மறுக்கவில்லை. 35 அதற்கு முன்னால் வருகிறது என்பதே என் வாதம். எங்கே போக வேண்டும் என்ற தெளிவு அந்த இருட்டில் ஜெபித்த பிறகுதான் வெளிவருகிறது. இயேசு வனாந்தரத்தில் இருந்த நாற்பது நாளும் வேதத்தில் உள்ளதுதான், அதே அதிகாரம் 13-ஆம் வசனம்.

ஆனால் பொங்கோல் தம்பியோடும் நான் ஒத்துப்போகவில்லை. 1 கொரிந்தியர் 7:5 பாருங்கள். கணவனும் மனைவியும் ஜெபத்துக்காகவும் உபவாசத்துக்காகவும் பிரிந்திருக்கலாம் என்கிறார் பவுல். எப்படி? இருவரும் சம்மதித்து, சில காலம், பிறகு மறுபடியும் கூடி. ஒருவர் தனியே தீர்மானித்து மற்றவரைப் பட்டினி போட அனுமதி இல்லை. சபைக் குழுவுக்கும் அது பொருந்தும். துவாஸ் தம்பி சம்மதிக்கவில்லை. அவர் சம்மதிக்காதபோது குழுவைப் பூட்டினால் அவருடைய ஐக்கியத்தை நீங்கள் எடுத்து உபவாசம் இருக்கிறீர்கள். ஏசாயா 58-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். உபவாசம் இருந்துகொண்டே வேலையாட்களை வருத்தியவர்களிடம்தான் கர்த்தர் அங்கே பேசுகிறார்.

யோவேலில் எக்காளம் ஊதியது உண்மை. ஆனால் அங்கே ஜனங்களைக் கூட்டுவதற்காக ஊதினார்கள். முதியோர், பிள்ளைகள், பாலுண்கிற குழந்தைகள் வரை எல்லாரையும் சேர்க்கச் சொல்கிறது அடுத்த வசனம்.


செங்காங்_அம்மா:

ஐயா சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. இருந்தாலும் குழுவை இப்போது இருக்கிற மாதிரியே விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

துவாஸ் தம்பி, உங்கள் அப்பாவின் ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மறுநாள் சாயங்காலம்தான் கண்ணில் பட்டது. அதற்கு மேலே ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம், வாக்குத்தத்த வசனப் படம், அதே வசனம் வேறு படத்தில், யாரோ எங்கிருந்தோ அனுப்பிய மூலிகை மருத்துவம், அதற்கு ஆமென், ஆமென், ஆமென். தள்ளிக்கொண்டே போய்த்தான் உங்கள் வரியைப் பார்த்தேன். ஒரு பிள்ளை நடுராத்திரியில் அழுது எழுதினது பூக்களுக்கு அடியில் கிடந்தது. நமக்குள் இருந்தே இவ்வளவு இரைச்சல். அதற்கு ஒரு முடிவு வேண்டாமா?


துவாஸ்_சகோதரன்:

ஆண்ட்டி, அதை நானும் கவனிச்சேன். அப்ப எதுவும் சொல்லல. நீங்க சொன்னதுக்கு நன்றி. அப்பா இப்ப நல்லா இருக்காங்க, தோட்டத்துக்குப் போறாங்க.

பூப்படம் நின்னா எனக்குச் சந்தோஷம்தான். ரீல்ஸை நான் விடத் தயார், அதுல என் தூக்கமும் போகுது. வேலை முடிஞ்சு வந்து படுத்தா, பார்த்துக்கிட்டே மணி பன்னிரண்டு ஆயிடும், அஞ்சு மணிக்கு எழணும். அதை விடணும்னு எனக்கே ஆசை. ஜெபக் குறிப்பு எழுதுற இடத்தை மட்டும் எடுத்துடாதீங்க.


லூர்து_மகள்:

இன்னொரு விஷயம் யாரும் பேசவில்லை. போன வருடம் தவக்காலத்தின் முதல் நாள் என் தோழிகளில் பலர் "நாற்பது நாளுக்கு நான் இங்கே இருக்க மாட்டேன்" என்று சிலுவைப் படத்தோடு ஸ்டோரி போட்டார்கள். அதற்கு எத்தனை இதயம் விழுந்தது என்றும் பார்த்திருப்பார்கள். உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொன்னாரே இயேசு, மனிதர் காணும்படி இருக்க வேண்டாம் என்று. சபையாக அறிவித்துச் செய்தால் யார் விட்டார்கள், யார் விடவில்லை என்று பார்க்கிற கண்கள் வந்துவிடும். அதை எப்படித் தவிர்ப்பீர்கள்?


பொங்கோல்_வாலிபன்:

சிஸ்டர், சொல்லாமல் போனால் நண்பர்கள் பதறுகிறார்கள், கோபித்துக்கொண்டானோ என்று நினைக்கிறார்கள். அதனால் நெருங்கியவர்களுக்குத் தனியாகச் சொல்லலாம், எந்த எண்ணில் அழைக்கலாம் என்றும் சொல்லலாம். பொதுவில் அறிவிப்பு வேண்டாம். யார் பெயரையும் பட்டியலில் எழுதுவதில்லை.

எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, ஞாயிறன்று இப்படிக் கொண்டுபோகிறேன்:

ரீல்ஸ், ஷார்ட்ஸ், டிக்டாக், ஃபேஸ்புக் எல்லாம் விருப்பப்பட்டவர்கள் விடுவது. திங்கள் முதல் சனி வரை. ஞாயிறு அவரவர் மனசாட்சி. வாட்ஸ்அப் குழு திறந்தே இருக்கும், ஆனால் ஜெபக் குறிப்பும் அதற்குப் பதிலும் மட்டும். படம், ஃபார்வர்டு கிடையாது. ஆமென் என்று எழுதுவதற்குப் பதில் முடிந்தவர்கள் குரலில் ஜெபித்து அனுப்புவது. நேரலை நிற்காது.

அப்புறம் ஒன்று, இதுதான் எனக்கு இப்போது முக்கியமாகத் தோன்றுகிறது. ஞாயிறு வர முடியாதவர்கள், விடுதியில் இருப்பவர்கள், படுக்கையில் இருக்கும் பெரியவர்கள், இவர்களை வாரத்தில் ஒரு முறையாவது கூப்பிட்டுப் பேச ஆட்கள் வேண்டும். ரீல்ஸை விடுகிற ஒவ்வொருவரும் இப்படி ஒருவரை எடுத்துக்கொள்ளட்டும். யோவான் தன் மூன்றாம் நிருபத்தை முடிக்கும்போது மையினாலும் இறகினாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேசிக்கொள்ளுவோம் என்கிறார். எழுதவும் செய்தார், போகவும் விரும்பினார்.


ஊடக_ஊழியன்:

இந்த வடிவம் பரவாயில்லை. விருப்பப்பட்டவர்கள் என்று வந்துவிட்டது, பூட்டு போய்விட்டது. ஆனாலும் நான் விலகப் போவதில்லை. ஏப்ரல் 3 பெரிய வெள்ளி ஆராதனை அழைப்பைத் தமிழில் போடத்தான் போகிறேன். அந்த வாரங்களில் வருகிற செய்திகளுக்குப் பதில் எழுத ஆள் வேண்டும். "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக, புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக" என்கிறது ரோமர் 14:3. இரண்டு பக்கமும் அதை வைத்துக்கொள்வோம்.


ஓய்வாசிரியர்:

வைத்துக்கொள்வோம். இருந்தாலும் தம்பி, பதில் எழுதுகிற வேலையை வாரத்தில் ஒரு நாளாவது வேறு ஒருவரிடம் கொடுங்கள். செய்தி நின்றுபோகாது. நீங்களும் அந்த இருட்டோடே எழுந்து போகிற இடத்துக்குப் போக வேண்டியவர்தான். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.


ஊடக_ஊழியன்:

எங்கள் குழுவில் கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. ஆள் கிடைத்தால் செய்கிறேன்.


லூர்து_மகள்:

பொங்கோல் பிரதர், இந்த வருடம் ரமலானும் ஏறக்குறைய அதே நேரத்தில் வருகிறது. என் அலுவலகத்தில் மலாய்த் தோழிகள் நோன்பு இருப்பார்கள், மதிய வேளையில் சாப்பாட்டுக் கடைக்குப் போகாத ஒரு சிறு கூட்டம் இருக்கும். உங்கள் வாலிபர்களில் யாராவது மதிய நேரத்தில் வாசிக்க நினைத்தால், அவர்களோடு சேர்ந்து அமைதியாக உட்கார்ந்து கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்யப் போகிறேன்.


துவாஸ்_சகோதரன்:

அண்ணே, கூப்பிடுறவங்க இரவு எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில கூப்பிட்டா நல்லது. ஒன்பதரைக்கு அம்மா லைன்ல வந்துடுவாங்க. எங்க விடுதியில இன்னும் ரெண்டு பேர் நம்ம விசுவாசிகள் இருக்காங்க, அவங்க நம்பரையும் கேட்டுத் தரேன்.


செங்காங்_அம்மா:

தம்பி, உங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். ஷிஃப்ட் இல்லாத ஞாயிறு எது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மதியம் வீட்டுக்கு வாருங்கள். துவாஸ் லிங்க்கில் ஏறினால் ஊட்ரம் பார்க்கில் மாறி நேராகச் செங்காங். மீன் குழம்பு சாப்பிடுவீர்கள்தானே?